தேர் பழையது, வடம் பழையதாகலாமா?

பழைய பொருளைப் பேணுதல் நம்மவர்க்கு இயல்பான குணம். பாட்டியாரின் வெற்றிலைத் தட்டத்துக்கும், பாட்டனாரின் சாய்மனைக் கதிரைக்கும், பெரியப்பாவின் சுவர்க் கடிகாரத்துக்கும் வீட்டிலே ஓர் இடம் தேடி வைத்துப் போற்றுகின்றோம். இக்குணத்தைத் தெருவிலே காண விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டி வாவிக்கரையில் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், பியேஜோ, வொக்ஸ்வாகன் என்று, அரை நூற்றாண்டுக்கு முன் கப்பலில் வந்திறங்கிய ஏதேனும் ஒரு கார் மெழுகு பூசிய மேனியோடு அவ்வழியே ஊர்ந்து வரும். ஒன்றின் இலக்கத்தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 1958 ஆம் ஆண்டிலே நாட்டில் பெருங் கசப்புக்குக் காரணமாயிருந்த சிங்கள ஸ்ரீ எழுத்து இன்னொன்றில் இருக்கும். அந்தத் தகடுகளே ஒரு சரித்திரம்.

இக்கார்கள் நம்மிடையே இவ்வளவு காலம் தங்கியதற்குப் பாசம் மட்டும் காரணமன்று. அறுபதுகளிலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி சுருங்கியது. 1970க்கும் 1977க்கும் இடையில் அக்கதவு ஏறக்குறைய அடைபட்டே கிடந்தது. பின்னர் 2020 இல் மறுபடியும் மூடிய கதவு, தனியார் வாகனங்களுக்கு 2025 இலேதான் திறந்தது. புதியது கிடைக்காத காலத்தில் பழையதை ஓட்டியே தீரவேண்டும். ஆகவே நம் கராஜ் பாஸ்மார் இல்லாத உதிரிப்பாகத்தைக் கடைந்தெடுக்கவும், கறள் தின்ற தகட்டை வெட்டி ஒட்டவும் கற்றுக்கொண்டனர். 1948 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட மொரிஸ் மைனருக்கு, அதன் தாய்நாடாகிய பிரித்தானியாவுக்கே இலங்கையிலிருந்து உடற்றகடுகள் செய்து அனுப்பப்பட்ட காலமும் உண்டு. இக்கைத்திறன் நமக்குப் பெருமை தருவது. அதில் ஐயமில்லை.

ஆயினும் இப்பெருமைக்குள்ளே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. எதையும் ஒட்டலாம், எதையும் தைக்கலாம், எதையும் கழுவிப் புதிதாக்கலாம் என்ற நம்பிக்கையே அது. காரின் எல்லாப் பாகத்துக்கும் ஏறக்குறையப் பொருந்தும் இந்நம்பிக்கை ஒரு பாகத்துக்குப் பொருந்தாது. அதுதான் ஆசனப்பட்டி. இதை நான் ஏட்டிற் படித்துத் தெரிந்துகொண்டிருந்தால் இக்கட்டுரை எழுத வேண்டியிராது. பேத்தியின் நெற்றியிற் கண்ட வீக்கத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

மாமாவின் மொரிஸ்

என் தாய்மாமன் கட்டுகஸ்தோட்டையில் வாழ்ந்தவர். அறுபதுகளின் நடுவில் ஒரு மொரிஸ் மைனர் வாங்கினார். அக்காலத்தில் ஆசனப்பட்டி காருடன் கட்டாயமாக வருவதன்று. வேண்டுவோர் தனியே வாங்கிப் பூட்டிக்கொள்வர். தொப்பிக்குப் பெயர்பெற்ற கங்கோல் நிறுவனங்கூட அந்நாளிற் பட்டி செய்து விற்றது என்றால் இன்று வியப்பாயிருக்கும். மாமா எதிலும் முன்னெச்சரிக்கைக்காரர். அவர் பூட்டுவித்த இரண்டு பட்டிகள் அவர் மறைந்து கார் என்னிடம் வந்தபோதும் இருந்தன. ஒருகாலத்திற் கருஞ்சிவப்பாயிருந்தவை பழுப்பேறி, பூஞ்சணம் பிடித்து, ஈரத்துணியின் வாடையோடு தொங்கின.

கண்டியின் காற்று அப்படி. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலே, மலைகளுக்கு நடுவே கிண்ணம்போற் கிடக்கும் நகர் இது. தென்மேற்குப் பருவமழை விட்டுப்போனால் இடைப்பருவ மழை வரும். அது முடிய வடகீழ்ப் பருவம் தொடங்கும். ஹந்தானைச் சரிவிலே தறப்பாளை மூடி நிறுத்திய காருக்குள் ஈரம் குடியிருக்கும். செயற்கை நூலைப் பூஞ்சணம் எளிதில் தின்பதில்லை. ஆனால் அந்நூலிற் படிந்த வியர்வையும் அழுக்கும் அதற்கு உணவு. கழுவாத பட்டி அதற்கு ஒரு தோட்டம்.

எனவே கழுவத் தொடங்கினேன். கழுவும் முறை பலருக்கும் பயன்படக்கூடியது, சொல்லிவிடுகிறேன். முதலில் பட்டியை அதன் முழு நீளத்துக்கும் விரிக்க வேண்டும். சுருள் உருளை உள்ள பட்டியானால் முழுவதும் வெளியே இழுத்து, திரும்ப உள்ளே ஓடாதபடி ஒரு கவ்வியாற் பற்றி வைக்க வேண்டும். உலர்ந்த தூரிகையால் மணலை உதிர்த்தல் முதல் வேலை. நெசவுக்குள் நுழைந்த மணல், பட்டி வளையுந்தோறும் இழையை அறுக்கும் நுண்ணிய கத்தி. பின்பு இளஞ்சூடான நீரிலே மென்மையான சவர்க்காரம் சிறிது கரைத்து, மென்மயிர்த் தூரிகையால் நெசவின் நீளவாட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் இழை பிசிர்விடும். நல்ல நீரில் நனைத்த துணியாற் பலமுறை துடைத்துச் சவர்க்காரத்தை நீக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு நாள் முழுவதும் உலர விட வேண்டும். ஈரத்தோடு உருளைக்குள் சுருளவிட்டால் வெளியிலிருந்த பூஞ்சணத்தை உள்ளே குடியேற்றியவராவோம்.

செய்யத் தகாதவற்றையும் சொல்ல வேண்டும். கறை போகவில்லையென்று வெளிற்றும் தூளைத் தொடலாகாது. பெற்றோலும் மண்ணெண்ணெயும் கூடா. அறுபதுகளின் பட்டிகளுட் சில நைலோன். சில, அந்நாளிற் சட்டைத்துணியாக நாம் எல்லோரும் அணிந்து மகிழ்ந்த டெரிலீன். நைலோனுக்கு அமிலம் பகை. காரின் மின்கலத்து அமிலம் தொட்ட கையாற் பட்டியைத் தொடுவதும் தவறு. டெரிலீனுக்குக் கடுங்காரம் பகை. சலவைச் சோடாவைக் கொதிக்கவைத்து அதில் அமிழ்த்துவது பிழை. கழுவியதைச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் இழை இளகும். நிறம் மங்கியதென்று வீட்டிலே சாயம் காய்ச்சித் தோய்ப்போர் உண்டு. அச்சூடும் சாய மருந்தும் நூலை என்ன செய்தன என்பது மேற்பார்வைக்குத் தெரியாது. கொளுக்கிக்குள் எண்ணெய் விடுதலும் கூடாது; எண்ணெய் புழுதியைப் பிடித்துவைத்துக் கொளுக்கியின் நாவை அரைகுறையாகப் பூட்டச் செய்யும்.

நான் இவ்விதிகளையெல்லாம் வழுவாது கடைப்பிடித்தேன். மூன்றாம் நாள் பட்டிகள் மீண்டும் கருஞ்சிவப்பைக் காட்டின. ஓர் ஓரத்திற் பிரிந்திருந்த தையலை நகரிலுள்ள ஒரு குஷன் கடையிற் கொடுத்துத் தைப்பித்தேன். பளிச்சென்ற நூலால் அழகாகத் தைத்துத் தந்தார்கள். மாமா பார்த்தால் மகிழ்வார் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த மாதம், பன்னிரண்டு வயதுப் பேத்தியை முன்னாசனத்தில் இருத்தி, கம்பளையிலிருந்து பேராதனை நோக்கி வந்துகொண்டிருந்தேன். வேகம் பெரிதன்று. வளைவொன்றிற் கடைக்கு முன்னே திடீரென்று நின்ற ஒரு பஸ்ஸைக் கண்டு தடையை அழுத்தினேன். கார் நின்றது, பேத்தி நிற்கவில்லை. பட்டியின் நீளத்தைக் கட்டுப்படுத்தும் உலோக வளையத்தில் தேய்ந்த பற்கள் இருந்திருக்கின்றன. பட்டி அதனூடே வழுகிப் போயிற்று. பிள்ளையின் நெற்றி முன்பலகையில் இடித்தது. எலுமிச்சங்காயளவு வீக்கம். நல்ல காலம், அவ்வளவே.

"தாத்தா, பெல்ட் போட்டுத்தானே இருந்தேன்?" என்று அவள் கேட்டாள். அழவில்லை, கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. பட்டியைக் கழுவினேன், உலர்த்தினேன், கண்டு மகிழ்ந்தேன். சோதிக்க மட்டும் மறந்தேன். இதில் பிழை வேறொருவருடையதும் அன்று, என்னுடையதே.

கண்ணுக்குத் தெரியாத மூப்பு

நம் வீடுகளிலே கூறைப்புடவையைப் பெட்டியில் வைத்துப் பல ஆண்டு கழித்து எடுப்பதுண்டு. நிறம் குன்றாது, சரிகை மின்னிக்கொண்டிருக்கும். விரித்துப் பார்த்தால் மடிப்பின் வழியே துணி தானாகப் பிரியும். "இற்றுப் போயிற்று" என்பார் பாட்டி. அப்புடவையை யாரும் கட்டிக்கொண்டு வெளியே போகமாட்டார். ஒரு முறை தொட்டு வணங்கி மீண்டும் பெட்டியில் வைப்பர்.

ஆசனப்பட்டியும் நெய்த பொருளே. அதை இற்றுப்போகச் செய்வதில் முதலிடம் வெயிலுக்கு. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் நைலோனின் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளை ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்டே வரும். கண்ணாடியோரம் தொங்கும் பகுதி மட்டும் நிறம் வெளுத்திருந்தால் அது வெறும் நிறமாற்றமன்று. நூலின் வயதைச் சொல்லும் அறிவிப்பு. அடுத்தது தையல். பட்டையினும் தையல்நூல் மெல்லியது. ஆகவே முன்னே இறும். பின்னர் உலோகம். கொளுக்கியின் வில், நீளம் திருத்தும் வளையத்தின் பல், எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியைக் காரின் உடலோடு பிணைக்கும் பூட்டாணி. பெரும்பாலான கார்களில் இது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஏழு பங்கு கனமுள்ள உருக்கு ஆணி. ஆணி வலிதாயிருக்கலாம்; அது புகுந்திருக்கும் தரைத்தகடு கறள் பிடித்துக் கடதாசியாயிருந்தால் அந்த வலிமையால் யாருக்கு என்ன பயன்?

பட்டி எத்துணை வலியைத் தாங்கவேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளையாட்டுப் புத்தி நீங்கிவிடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுதல், ஏறக்குறையப் பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து நிலத்தில் வீழ்வதற்குச் சமம். அவ்வேகத்திற் செல்லும் 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை அரை மீற்றர் தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமாயின், அவர் எடையைப் போல் இருபது மடங்கு, ஏறத்தாழ 1,200 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையைப் பட்டி தாங்க வேண்டும். இதனாலேயே இன்றைய சர்வதேச விதி, பட்டையானது ஏறக்குறைய 1,500 கிலோகிராம் எடைக்குக் குறைவான இழுப்பில் அறுதலாகாது என்று வரையறுத்திருக்கின்றது. கையால் இழுத்துப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்கின்றோமே, நம் கையின் இழுப்பு இதில் எத்தனையில் ஒரு பங்கு?

ஒருவர் தந்த கொடை

இன்று நாம் தோளிலும் இடுப்பிலும் அணியும் மும்முனைப் பட்டியை அமைத்தவர் நில்ஸ் பொலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியியலாளர். போர்விமானத்திலிருந்து விமானியை வெளியே எறிந்து காப்பாற்றும் ஆசனங்களை அமைத்துக்கொண்டிருந்தவரை, 1958 இல் வொல்வோ நிறுவனம் அழைத்துக்கொண்டது. வெளியே எறியும் வித்தையில் தேர்ந்தவர் உள்ளேயே பிடித்துவைக்கும் வித்தையைக் கண்டார். 1959 இல் அப்பட்டி வொல்வோ கார்களில் வந்தது. ஒரு கையால் ஒரே அசைவிற் பூட்டலாம்; தோளெலும்பும் இடுப்பெலும்பும் பாரத்தைத் தாங்க, மென்மையான வயிறு தப்பும். இக்காப்புரிமையைத் தமக்கே பூட்டி வைத்திருந்தால் அந்நிறுவனம் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். பிற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டார்கள்.

மக்கள் அதை ஏற்கத்தான் காலம் சென்றது. அணியாதிருத்தல் குற்றமென்று அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970 இன் இறுதியில் முதன்முதலாகச் சட்டம் செய்தது. பிரித்தானியாவில் முன்னாசனத்துக்கு அது 1983 இலேதான் வந்தது. இலங்கையில் 2011 ஒக்டோபரிலிருந்து சாரதியும் முன்னாசனத்தில் இருப்பவரும் அணிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆசனப்பட்டி, காரில் இருப்போரின் மரண அபாயத்தைப் பாதிவரை குறைக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பாதி உயிர் என்பது சிறு தொகையன்று.

ஆனால் நம்மவரிற் பலருக்கு ஆசனப்பட்டி என்பது பொலிஸாருக்குக் காட்டும் அடையாள அட்டை. சந்தியிற் பொலிஸாரைக் கண்டதும் தோளிற் போட்டுக்கொள்வர்; கடந்ததும் நழுவவிடுவர். கொளுக்கியிற் பூட்டாது கையாற் பிடித்துக்கொண்டே செல்வோரும் உளர். இம்மனப்பான்மைதான் பழைய காரில் வேறொரு வடிவம் கொள்கின்றது. பட்டி கண்ணுக்கு அழகாயிருந்தாற் போதும் என்று நினைக்கின்றோம். ஒருவர் சட்டத்துக்குக் காட்டுகின்றார். மற்றவர் இரசிகருக்குக் காட்டுகின்றார். இருவரும் காப்புக்கு அணியவில்லை.

தைக்க மறுத்த கை

பேத்தியின் வீக்கம் வடிந்தபின், ஆசன உறை மாற்றுவதற்காக இன்னொரு குஷன் தொழிலாளரிடம் காரைக் கொண்டுசென்றேன். அறுபதைக் கடந்த முஸ்லிம் பெரியவர். எல்லோருக்கும் அவர் நானா. உறைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தவர் பட்டியிலிருந்த புதுத் தையலைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் ஒரு முனையைக் காலால் மிதித்து மறுமுனையை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தார். பளிச்சென்ற அந்த நூல் ஓர் அங்குல நீளத்துக்குப் பொலபொலவென்று விட்டது.

"நானா, நல்ல நூல் போட்டு நீங்களே ஒருக்கால் தைச்சுத் தாருங்களேன்" என்றேன்.

"மாஸ்டர், குஷன் கிழிஞ்சா நான் தைப்பேன். ஹூட் கிழிஞ்சாலும் தைப்பேன். அது பிஞ்சா ஆக்கள் என்னை ஏசிட்டுப் போவாங்க. இது பிஞ்சா ஏச ஆள் இருக்காது. நான் தைக்க மாட்டேன்."

வந்த கூலியை வேண்டாமென்று தள்ளிய அவருடைய நேர்மை, எத்தனையோ பாதுகாப்புச் சொற்பொழிவுகளிலும் பெரிது. எதைச் செய்யலாம் என்று அறிதல் தொழில். எதைச் செய்யலாகாது என்று அறிதல் தொழில் தர்மம். பட்டியின் தையல் சாதாரணத் தையலன்று. எந்த நூல், எத்தனை வரிசை, எந்தக் கோலம் என்பதெல்லாம் சோதனைக்கூடத்தில் இழுத்து அறுத்துப் பார்த்து வகுக்கப்பட்டவை. பிரித்தானியாவில் 1960 இலேயே பட்டிகளுக்குத் தனித் தரவிதி எழுதப்பட்டது. தெருவோரத் தையல் இயந்திரத்துக்கு அக்கணக்குத் தெரியாது.

இன்னொரு வழியையும் சிலர் நாடுவர். கொழும்பு பஞ்சிகாவத்தையிற் கிடைக்காத உதிரிப்பாகம் இல்லை என்பது நாடறிந்த பேச்சு. உடைத்து விற்கும் காரிலிருந்து கழற்றிய பட்டியை வாங்கிப் பூட்டிவிடலாமே என்பர். அந்தக் கார் ஏன் உடைக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். பெருமோதலில் ஒருமுறை மனிதரைத் தாங்கிய பட்டி தன் இழையை நீட்டிக் கொடுத்தே தாங்கியிருக்கின்றது. நீண்ட இழை மறுமுறை அவ்வாறு கொடாது. தன் கடமையை முடித்த பட்டியை மறுபடியும் வேலைக்கு அழைப்பது அறமும் அன்று, அறிவும் அன்று.

மறுப்புரைகள் மூன்று

நண்பர்கள் என்னோடு வாதிட்டனர். முதலாவது வாதம், "பழைய காரின் பெருமையே அதன் மூலப்பொருள்களில் இருக்கிறது, பட்டியை மாற்றினால் அது மாமாவின் கார் ஆகுமா?" என்பது. இவ்வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. மாமாவின் கை பட்ட கொளுக்கி என் கையிலும் படும்போது எனக்கும் ஏதோ நெகிழ்கின்றது. ஆனால் அதே காரில் மாமாவின் காலத்துச் சக்கரத்து இறப்பர் இன்று இல்லை, தடைத்திரவம் இல்லை, மின்கலம் இல்லை. இவற்றை மாற்றியபோது காரின் ஆத்மா கெட்டுவிட்டதென்று எவரும் அழவில்லையே! ஐம்பதுகளின் கார்கள் பலவற்றில் முதலில் பட்டியே இருந்ததில்லை. பிற்காலத்திற் பூட்டியதற்கு மூலப்பொருள் என்ற மகுடம் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது வாதம், "நாங்கள் மெல்லத்தானே ஓட்டுகிறோம்" என்பது. மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது ஆறு மீற்றர் உயரத்திலிருந்து வீழ்வதற்கு ஒப்பு. மேலும் நாம் மெல்லப் போகலாம். எதிரே வருபவர் மெல்ல வருவாரா? கடுகண்ணாவை ஏற்றத்திலோ, மஹியங்கனை வழியிலுள்ள பதினெட்டு வளைவிலோ, நாம் ஒருவர் மட்டும் செல்வதில்லை. 2025 மே 11 ஆம் நாள் விடியலில் கொத்மலை, கெரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரம் இம்மலைநாட்டு மக்கள் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அது வேறு வாகனம், வேறு காரணம். ஆயினும் நம் வீதிகள் எத்தகையன என்பதை அது சொல்லும். பழைய காருக்கு வேறொரு குறையும் உண்டு. மோதும்போது மடிந்து கொடுக்கும் முன்பகுதி அதற்கு இல்லை, காற்றுப்பை இல்லை, செலுத்துசில்லின் தண்டு நெஞ்சை நோக்கி நீட்டிய ஈட்டி. புதிய காரில் பல காவலர் உளர். பழைய காரில் பட்டி ஒருவரே காவலர். அந்த ஒருவரும் உறங்கலாமா?

மூன்றாவது வாதம் செலவு. மெழுகுக்கும், குரோமியப் பூச்சுக்கும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் இலச்சினைக்கும் கணக்கின்றிச் செலவிடுவோர் இதைச் சொல்வதுதான் விந்தை. பழைய தோற்றத்திலேயே, இன்றைய தரத்துக்கேற்ப நெய்த புதிய பட்டிகள் உலகிற் செய்யப்படுகின்றன. பழைய கொளுக்கியை வைத்தே புதிய பட்டை பூட்டித் தரும் சோதனை வசதியுள்ள தொழிற்சாலைகளும் மேல்நாடுகளில் உண்டு. எதுவும் இயலாவிட்டால், தரக்குறி பொறித்த சாதாரணப் புதுப்பட்டி பூட்டலாம். அழகு சிறிது குறையும், ஆள் குறையார்.

வடம்

மாசி மகத்தை ஒட்டி மாத்தளை முத்துமாரியம்மன் தேர் ஐந்தும் வீதிவலம் வருவதைக் கண்டியிலிருந்து சென்று தரிசிப்போர் பலர். பழந்தேர் எவ்வளவுக்கெவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு மதிப்பு. அதன் சிற்பம் சிதைந்தால் அதே வடிவில் செதுக்கிச் சேர்ப்பர். ஆனால் வடத்தை எவரும் பழமைக்காகப் போற்றுவதில்லை. நாரில் ஓரிடத்தில் இற்றிருந்தாலும் கழித்துவிட்டுப் புதுவடம் பூட்டுவதே முறை. ஏனெனில் தேர் கண்ணால் காண்பதற்கு; வடம் கையால் பற்றுவதற்கு. வடம் அறுந்தால் தேருக்கும் கேடு, மக்களுக்கும் கேடு. நம் முன்னோர் பழமையைப் போற்றினார்கள். எதிலே போற்றக்கூடாது என்பதையும் தெரிந்தே போற்றினார்கள்.

ஆகவே பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. பட்டியைக் கழுவுங்கள், கழுவும்போது அதன் ஒவ்வோர் அங்குலத்தையும் வெளிச்சத்திற் பாருங்கள். கழுவுதலின் பெரும்பயன் அழுக்கு நீங்குவதன்று, குறை தெரிவதே. பிசிர், வெட்டு, வெளுப்பு, விறைப்பு, விட்ட தையல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அப்பட்டிக்கு விடைகொடுங்கள். ஒன்றும் காணாவிட்டாலும், அரை நூற்றாண்டு கண்ட பட்டியாயின் அதன் வயதையே குறையாகக் கொள்ளுங்கள். சுருள் உருளையை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். காரின் அசைவை மட்டுமே உணரும் உருளைகளும் உள. அவற்றை அறிந்த பாஸிடம் காட்டுங்கள். பூட்டாணியைக் கழற்றி, அது நிற்கும் தகட்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; வேண்டிய இடத்தில் பின்னே கனத்த உருக்குத் தகடு வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

பழைய கார்க் கண்காட்சிகளையும் ஊர்வலங்களையும் நடத்தும் சங்கங்களுக்கும் ஒரு சொல். மூலப் பூச்சுக்கும் மூல விளக்குக்கும் புள்ளி வழங்குகின்றீர்கள், வழங்குக. ஆனால் நம்பத்தக்க புதிய பட்டி பூட்டியவருக்குப் புள்ளியைக் குறையாதீர்கள், கூட்டுங்கள். பரிசு எங்கே போகின்றதோ அங்கேதான் மனிதர் மனமும் போகும். அந்த ஒரு மாற்றத்தால் எத்தனையோ பேரக் குழந்தைகளின் நெற்றி தப்பும்.

மாமாவின் கருஞ்சிவப்புப் பட்டிகள் இப்போது காரில் இல்லை. இன்னொரு முறை கழுவி, நிழலில் உலர்த்தி, சுருட்டி, கண்ணாடி அலுமாரியில் அவருடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கின்றேன். அவற்றுக்கு உரிய இடம் அதுவே. காரில் தரக்குறி பொறித்த கறுப்புப் பட்டி பூட்டியிருக்கின்றது. மொரிஸின் மேனிக்கு அது பொருந்தவில்லை என்று நண்பர் ஒருவர் குறைகூறினார். உண்மைதான்; பொருந்தவில்லை.

சென்ற வாரம் பேத்தி வந்து பின்னாசனத்தில் ஏறி அமர்ந்தாள். அங்கும் பட்டி பூட்டியாயிற்று. கொளுக்கியைப் பூட்டிவிட்டு, என்னைக் கேளாமலே பட்டியை இரண்டு கையாலும் வெடுக்கென்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அது பிடித்துக்கொண்டது. "சரி தாத்தா, இப்ப போகலாம்" என்றாள். பின்புதான் நான் காரை எடுத்தேன்.